மெஷினை மாற்றவிடாதவர்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு பத்து. பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டே சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தேன், இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருக்கலாமே என்று நினைத்தேன். அப்போதுதான் பின்பால்கனியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. யாரோ மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்து பக்கெட் உருளும் ஓசை. ஓடிப்போய்ப் பார்த்தால், பத்து வயது மகன் ஈரத்தரையில் மல்லாந்து கிடந்தான். ஓர் அடி தள்ளி வாஷிங் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் பிழைத்துக்கொண்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது என்னைவிட உயரமாக இருக்கிறான். ஆனாலும் அவன் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் என் கண் அவன் காலுக்குத்தான் போகிறது. வெறுங்காலாக இருந்தால் ஒரு செருப்பை அவன் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

அந்த மெஷினை ஏழு வருடம் உயிரோடு வைத்திருந்த ஒருவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். பெசன்ட் நகரில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக நான்கு வீடுகளில் வேலை பார்த்தார். நான்கு வீட்டிலும் அவர் அக்காதான். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து நடந்து வருவார். நாங்கள் பாலவாக்கத்துக்கு வீடு மாறியபின் அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் மெஷின் இரட்டைத் தொட்டி வகை, தகர உடம்பு. ஒரு பக்கம் துவைக்கும், இன்னொரு பக்கம் பிழியும். நடுவில் ஓர் ஆள் நின்று, இந்தத் தொட்டியிலிருந்து துணியை எடுத்து அலசி அந்தத் தொட்டியில் போட வேண்டும். அந்த நடு ஆள் அக்கா. கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால் எல்லாம் துருப்பிடிக்கும். மெஷினின் அடிப்பாகம் எப்போதோ பொரிந்து உதிரத் தொடங்கியிருந்தது.

அது கெட்டுப்போகும்போதெல்லாம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கெட்டது சரியான பிறகுதான் தெரியும். தண்ணீர் வெளியேறும் குழாய் கிழிந்திருந்திருக்கிறது; நான் பார்த்தபோது அதில் பச்சை நைலான் நூலால் நெருக்கமாக முடிச்சுகள் போடப்பட்டிருந்தன, வலை பின்னும் முடிச்சு. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிழியும் தொட்டியின் மூடி சரியாக உட்காராமல் அடித்துக்கொண்டபோது சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி விளிம்பில் ஒட்டியிருந்தார். ஒரு கால் துருப்பிடித்து உடைந்ததும் அதன் கீழே படகுக் கட்டையின் துண்டு ஒன்று வந்து சேர்ந்தது. பிழியும்போது மெஷின் தடதடவென்று ஆடி முன்னால் நகர ஆரம்பித்தால் அக்கா அதன்மேல் முழங்கையை ஊன்றி, தன் எடையைப் போட்டு நிற்பார். பேருந்தில் முரண்டு பிடிக்கும் பிள்ளையைத் தோளோடு அழுத்திப் பிடிப்பது போல இருக்கும்.

என்னாச்சு அக்கா என்று கேட்டால், எப்போதும் ஒரே பதில்.

"ஒண்ணியும் இல்லமா. நல்லாத்தான் கீது."

இதை மெஷினுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கையிலிருந்து தட்டு நழுவி உடைந்தாலும் அதுதான், பால் பொங்கி வழிந்து என் கணவர் அடுப்பை அணைக்க மறந்தது தெரிந்தாலும் அதுதான். எங்கள் கட்டடத்தில், அவர் வேலை பார்த்த மூன்றாம் மாடி வீட்டில், மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்றுபோய் ஒரு மாதம் ஆனபோது, நடுவில் போய்வந்துகொண்டிருந்த அக்காவிடம் கட்டடமே துருவித் துருவிக் கேட்டது. ஒண்ணியும் இல்ல. யாருடைய ஓட்டையையும் அவர் வெளியே காட்டமாட்டார். மனிதர்களென்றும் சாமான்களென்றும் அதில் பேதமில்லை. இப்படி ஒருவர் வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று நான் என் அலுவலகத்தில், நந்தனத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெருமையடித்துக்கொள்வேன்.

என் மகனை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். துவைக்கும் முன்பு அவன் டவுசர் பைகளைத் துழாவுவது அவர் வேலை. கோலிக்குண்டு, கடித்துப்போட்ட ரப்பர், ஒருமுறை நான்காக மடித்த கணக்குப் பரீட்சைத்தாள். அதை அவர் என்னிடம் தரவில்லை. அவனிடமே கொடுத்திருக்கிறார். கையெழுத்துக்காக அவன் கடைசி நாளில் நீட்டியபோது தாளில் சோப்பு வாசனை வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் போய்க் கேட்கிறீர்களே, என்ன தாளென்று எனக்கு எப்படித் தெரியும் என்று சிரித்தார். சிவப்பு வட்டத்தைப் படிக்க எழுத்து தெரிய வேண்டியதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மெஷினை மாற்றிவிடலாம் என்ற பேச்சு வருடத்துக்கு ஒருமுறை, ஆடித் தள்ளுபடி விளம்பரம் வரும்போது எழும். ஒரு வருடம் நானும் கணவரும் தி. நகருக்கே போய், முன்பக்கக் கண்ணாடிக் கதவு வைத்த ஒன்றைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வந்தோம். துணியைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், மறுபடி வந்து எடுத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னதை, மறுநாள் காபி குடித்தபடி நான் அக்காவிடமே ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே துணியை அலசினார். ஆனால் அன்றிலிருந்து ஒரு மாதம், தான் வேலை பார்க்கும் மற்ற வீடுகளின் மெஷின்களைப் பற்றிய செய்திகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒரு வீட்டில் பொத்தானை அமுக்கிய மெஷின் இரண்டரை மணி நேரம் ஓடுகிறதாம், கரண்ட் பில் பார்த்து அந்த ஐயா படுத்துவிட்டாராம். இன்னொரு வீட்டில் கதவு திறக்கமாட்டேன் என்று பள்ளிக்கூட யூனிஃபார்மை உள்ளேயே வைத்துக்கொண்டதாம், பிள்ளை அழுதுகொண்டு கலர் சட்டையில் போயிற்றாம்.

"சோக்கா கீதுமா பாக்க. ஆனா காலர் அழுக்கு அப்டியே கீது. அதுக்கு இன்னா தெரியும், காலர் எது கைப்பட்டை எதுன்னு?"

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் மாற்றவில்லை. அக்கா அந்த வாரம் மெஷினைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, துரு இருந்த இடமெல்லாம் மிச்சமிருந்த கேட் பெயின்டை அடித்துப் புதுசு போல ஆக்கினார். ஒரு மெக்கானிக் வந்து, இதற்கு இனிமேல் சாமான் கிடைக்காது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனபோது, அக்கா அவரைப் படியிறங்கும்வரை விடாமல் பின்னாலேயே போய், கேட்டில் நிறுத்தி ஏதோ பேசியிருக்கிறார். இரண்டு நாளில் அதே மெக்கானிக், கிடைக்காத சாமானோடு வந்தார்.

துவைக்கும் வேலைக்குத் தனிச் சம்பளம். மெஷின் போனால் அதுவும் போகும். இது என் மூளைக்கு ஒருபோதும் எட்டவில்லை. அவருக்கு அந்த மெஷின் மேல் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாசமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பின்பால்கனியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளலாமா என்று. வீட்டுக்குள் நாங்கள் யாருமே செருப்பு போடுவதில்லை, அவர் தன்னுடையதை வாசலில்தான் விடுவார். எதற்கென்று கேட்டேன். பித்தவெடிப்பு, சோப்புத் தண்ணி பட்டால் எரிகிறது என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. என் பழைய நீலச் செருப்பையே கொடுத்தேன். அதற்கு ஒரு களிம்பும் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் செருப்பு மெஷினுக்கு முன்னால் கிடக்கும். அக்கா அதற்குள் காலை நுழைத்துக்கொண்டு, பிறகுதான் மெஷினைத் தொடுவார். எத்தனையோ நாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் யாரும் மெஷினைத் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வரமாட்டார், அழுக்குத் துணி திங்கள்வரை கூடையில் கிடக்கும். அது எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்தான், ஆனால் அதன் உடம்பு சூடா குளிர்ச்சியா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு அவனைத் தூக்கிக்கொண்டு அடையாறில் ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். மெஷினை யார் அணைத்தது, கதவை யார் பூட்டியது, எதுவும் நினைவில்லை. ஆட்டோவில் அவன் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி அவன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தேன். உள்ளங்கையில் சின்னத் தீக்காயம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, சாயங்காலம்வரை இருக்கட்டும் என்றார் டாக்டர். நான் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மதியம் அவன் பேசினான். அவ்வளவு காலையில் அங்கே என்ன வேலை உனக்கு என்று அவன் அப்பா கேட்டார். அவன் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தான்.

"ஷீட் நனைஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை அக்கா வரமாட்டாங்கல்ல."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவனுக்கு ஆறு வயதிலேயே அந்தப் பழக்கம் நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சொந்தக்காரர்களிடம் சொல்லியும் இருந்தேன். நிற்கவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறது. ஆறரைக்கு அக்கா வந்ததும் அவன் ஷீட்டைச் சுருட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது துவைத்து மொட்டைமாடிக் கொடிக்குப் போயிருக்கும். கட்டிலில் வேறு ஷீட் விரித்திருக்கும். நான்கு வருடமாக. அம்மாவுக்குத் தெரிந்தால் பயந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விடுவார், ஒண்ணியும் இல்ல நைனா, வளர்ந்தால் போய்விடும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். உண்மைதான், நான் பயந்திருப்பேன். டாக்டரிடம் ஓடியிருப்பேன்.

மெஷினை எப்படி ஓட்டுவது என்று பார்த்துப் பார்த்தே கற்றிருக்கிறான். குழாய், சோப்புத் தூள், நேரம் திருகும் பொத்தான், எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறான். செருப்பு மட்டும்தான் அவனுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஆறரைக்கு அக்கா வந்தார். மெஷின் சுவரிலிருந்து இழுத்துப் போடப்பட்டிருந்தது. அது ஷாக் அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஒண்ணியும் இல்லமா, லேசா சுருக்குனு..." என்று ஆரம்பித்தவர், ஹாலில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்துவிட்டார். முகத்தில் இருந்த எல்லாமே வடிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"எப்பலேருந்து?" என்றேன்.

"மழைக்கு முன்னாடிலேந்து."

"ஏன் சொல்லல?"

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நான்காவது முறைதான் பதில் வந்தது.

"சொன்னா மாத்திடுவீங்களேமா."

என் கணவர் கத்துகிறவர் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்கா பையனிடம் போய், அவனைத் தொடாமல், கொஞ்ச தூரத்திலேயே உட்கார்ந்து அவன் கையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். சிங்க்கில் ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரங்கள் அப்படியே இருந்தன. அவற்றைச் சத்தம் வர அழுத்தி அழுத்தி விளக்கினேன். கோபம் என்றுதான் அன்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எலக்ட்ரீஷியன் வந்தார். மெஷினின் பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்னால், பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இத யாரு சார் போட்டது?"

இரண்டு பின் பிளக். முதலில் மெஷின் குளியலறையில் இருந்தது. நான்கு வருடம் முன்னால் பால்கனிக்கு மாற்றியபோது, அங்கே இருந்த பிளக் பாயின்டில் இரண்டு துளைதான். எர்த்துக்கான மூன்றாவது துளை கிடையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாயின்டை மாற்றும்வரை சமாளிக்கலாம் என்று, மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு இரண்டு பின் பிளக்கை மாட்டியவர் என் கணவர். எர்த் ஒயரை மடக்கி டேப் சுற்றியிருந்தார். டேப் வெகு அழகாகச் சுற்றப்பட்டிருந்தது. அந்த வார இறுதியில் ஆளைக் கூப்பிடுவதாக இருந்தது.

உள்ளே மோட்டார் ஒயர் ஒன்று ஆட்டத்தில் தேய்ந்து, தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. எர்த் இருந்திருந்தால் ஒயர் பட்ட அன்றைக்கே ஃபியூஸ் போய் மெஷின் நின்றிருக்கும் என்றார். ஒயரை மாற்றி, பாயின்டையும் மாற்றினால் அரை மணி நேர வேலை, மோட்டார் இன்னும் நன்றாக இருக்கிறது, யாரோ நன்றாகப் பராமரித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் பச்சை முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

ரிப்பேர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அந்த வீட்டில் இனிமேல் அது ஒரு நாளும் ஓடக்கூடாது. பால்கனிப் பாயின்டை மட்டும் மாற்றச் சொன்னோம். வெள்ளிக்கிழமை புது மெஷின் வந்தது, கண்ணாடிக் கதவு போட்டது. பழையதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கணவர் அவர்கள் பின்னாலேயே கீழே போய், வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டின்போது, அக்காகிட்ட நான் பேசணும் என்றார். பேசுங்கள் என்றேன். அவர் போகவில்லை.

அடுத்த செவ்வாய், மகனின் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது சுருட்டி வைத்த ஷீட் கிடைத்தது. நனைந்து, காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. புது மெஷின் வீட்டில் இருந்தது, பொத்தானை அமுக்கினால் போதும், நானும் இருந்தேன். அவன் எங்கள் இரண்டு பேர் பக்கமும் வரவில்லை. அந்த ஷீட்டை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளை தன் ஓட்டையை நம்பிக் காட்டிய ஒரே ஆளை நாங்கள் வெளியே அனுப்பியிருந்தோம்.

அவனிடம் அன்று சாயங்காலம் நான் எதையும் சரியாகப் பேசவில்லை. டாக்டர், மருந்து, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று ஏதேதோ உளறினேன். அவன் தலையாட்டினான். அக்கா எப்பம்மா வருவாங்க என்று மட்டும் கேட்டான்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. குப்பத்துக்கு நடந்தேன். ஏழு வருடத்தில் அவர் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு ஆள் சேர்ந்து போக முடியாத சந்துக்குள் போனேன். அவர் மகள் இருந்தாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறது என்றாள். உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், நான் வந்து கூப்பிட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் எனக்காக இழுத்துப் போட்ட ஸ்டூலை ஓரமாக நகர்த்தினாள்.

"எதுக்குக்கா? இன்னும் திட்டவா?"

இல்லை என்று சொன்னேன். வந்த சந்திலேயே திரும்பி நடந்தேன்.

இரண்டு நாள் யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி அடித்தது. கணவர் போய்க் கதவைத் திறந்தார். அக்கா வாசலுக்கு வெளியே, படியின் கைப்பிடியை ஒட்டி நின்றார். வேலைக்கு வரும் புடவை இல்லை, வெளியே கட்டும் புடவை. உள்ளே வாருங்கள் என்று கணவர் சொன்னதற்கும் அசையவில்லை. மகன் ஹாலிலிருந்து ஓடிவந்து, இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அவர் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். வலிக்கல அக்கா என்றான்.

என் கணவர் வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தார்.

"பிளக்க மாத்தினது நான்தான் அக்கா. எர்த் குடுக்காம விட்டது நான். தப்பு என்மேல."

அக்கா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொன்னால் எங்களுக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அவர் என் கணவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார், கேட்டுக்கொண்டேன் என்பது போல. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தெரு டாக்டரம்மா வூட்ல கீசர் கொழாயத் தொட்டா சுருக்குங்குதுமா. அவங்க வூட்லயும் கொழந்தைங்க கீது. இன்னிக்குக் காலைல போய்ச் சொல்லிட்டேன். எத்தினி நாளா தெரியும்னு கேட்டாங்க." அவன் கையை அவர் இன்னும் விடவில்லை. "அதையும் சொல்லிட்டேன்."